மதிப்பீட்டாளர் போட்ட கணக்கு முடிந்த கணக்கா?

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நம் கெப்பாலா பத்தாஸ் பக்கமுள்ள கோத்தா கோலா மூடாவில் மீன்பிடிப் படகுகளைக் கரையில் தூக்கி எறிந்தது. லங்காவியில் ரெபாக், தெலாகா துறைகளில் கட்டியிருந்த உல்லாசப் படகுகளும் சேதமடைந்தன.

உல்லாசப் படகுக்கும் தோட்டத்துப் பாட்டாளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? படகானாலும் நீங்கள் தவணை கட்டி வாங்கிய காரானாலும், காப்புறுதி வழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். சேதத்தைப் பார்க்க நிறுவனம் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் ஒரு தொகையைச் சொல்வார். "பெரியவர்கள் எழுதிவிட்டார்கள், நாம் என்ன பேச முடியும்?" என்று பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்!

தொகை ஏன் குறைந்தது என்று முதலில் கேளுங்கள். விதிப்படி கழித்திருக்கலாம். பத்து ஆண்டு ஓடிய காருக்குப் புதிய பாகம் போட்டால், பொதுவாக அதன் விலையில் 40 விழுக்காடு உங்கள் பொறுப்பு. 1,000 வெள்ளிப் பாகத்துக்கு 400 வெள்ளி நீங்கள் கொடுக்க வேண்டும். இதில் வழக்காடிப் பயனில்லை.

மதிப்பீட்டாளர் கண்ணில் படாத சேதம் என்றால் கதை வேறு. படகின் சாயத்துக்கு அடியில் வெடிப்பு இருக்கலாம். இயந்திரத்துக்குள் உப்பு நீர் புகுந்திருக்கலாம். அதை எடுத்துக்காட்ட வேண்டியவர் நீங்கள். பழுது பார்க்கும் முன்பே படம் எடுங்கள். கழற்றிய பாகத்தை எறியாதீர்கள். வேறொரு பட்டறையில் செலவுக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். சேதம் மேலும் பெருகாமல் காப்பதும் உங்கள் கடமையே.

இவற்றை இணைத்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால் ஆறு மாதத்துக்குள், 60 நாளாகியும் பதிலே வராவிட்டால் அதன் பிறகு, கோலாலம்பூரிலுள்ள நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவையை நாடலாம். 2025 முதல் இப்பெயரில் இயங்கும் இந்த நடுவர் அமைப்பு 250,000 வெள்ளி வரையிலான காப்புறுதி வழக்குகளை விசாரிக்கிறது. புகார் செய்பவருக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். காப்புறுதியில் அழுதால் மட்டும் போதாது. கையில் ரசீதும் படமும் வேண்டும். இன்றே காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, படிக்கத் தெரிந்த பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.