'புட் ஆஃப்' என்றால் அணைப்பதா, தள்ளிப்போடுவதா?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் ஏற்றி சில நாள் ஆகிவிட்டது. வெளிநாட்டுப் பயணி ஒருவர், "மலைமேல் தீபம் இன்னும் எரியுதா?" என்று தங்கும் விடுதிக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறார். 'அணைஞ்சிடுச்சு' என்று சொல்ல நினைத்து, 'தி தீபம் இஸ் புட் ஆஃப்' என்று பதில் போட்டால் என்ன ஆகும்? விழாவையே தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அவர் குழம்பிப்போவார்!

நாம் 'லைட்டை ஆஃப் பண்ணு' என்பதை அப்படியே 'புட் ஆஃப்' ஆக்கிவிடுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்' என்றால் இன்று முதலில் புரிவது 'தள்ளிப்போடு' என்பதுதான். லைட், ஃபேனுக்கு 'ஸ்விட்ச் ஆஃப்' அல்லது 'டர்ன் ஆஃப்' போதும். எரியும் தீயை ஒருவர் அணைத்தால் 'புட் அவுட்'. காற்றிலோ, நெய் தீர்ந்தோ தானாக அணைந்தால் 'கோ அவுட்'. அப்படியென்றால் விடுதிக்காரர் அனுப்ப வேண்டிய பதில்: 'தி தீபம் ஹேஸ் கான் அவுட்'.

இன்னொரு குழப்பம் 'கால் ஆஃப்'. இதற்கு 'அடியோடு ரத்து' என்று பொருள். 'புட் ஆஃப்' என்றால் நிகழ்ச்சி உண்டு, தேதிதான் வேறு.

2024-ஐ நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 தீபம். அன்று பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. ஆனால் தீபம் ஏற்றப்பட்டது. விழா 'புட் ஆஃப்' ஆகவில்லை, 'கால் ஆஃப்'பும் ஆகவில்லை. 'தி தீபம் வென்ட் அஹெட்' என்பதே சரி. 'கோ அஹெட்' என்றால் திட்டமிட்டபடி நடப்பது. இந்த மூன்றில் ஒன்றை மாற்றிச் சொன்னாலும், யாரோ ஒருவர் ரயில் டிக்கெட்டை கேன்சல் செய்திருப்பார்.

ஆபீஸிலும் இதே கதைதான். மீட்டிங் திங்களுக்குத் தள்ளிப்போயிருக்கும்போது 'கால்டு ஆஃப்' என்று மெயில் போட்டால், திங்களன்று யாரும் வரமாட்டார்கள்.

மனதில் வைக்க மூன்று விஷயங்கள்:

* 'இட்', 'தெம்' போன்ற சொற்கள் நடுவில் வரும். 'புட் இட் ஆஃப்' சரி. 'புட் ஆஃப் இட்' தவறு.
* பின்னால் வினைச்சொல் வந்தால் 'இங்' சேருங்கள். 'டோன்ட் புட் ஆஃப் காலிங் ஹிம்' சரி. 'புட் ஆஃப் டு கால்' தவறு.
* எதுவரை என்று சொல்ல 'டில்' அல்லது 'அன்டில்'. 'வி புட் இட் ஆஃப் டில் மண்டே.'

சந்தேகமா? 'போஸ்ட்போன்', 'கேன்சல்' என்று நேராகவே எழுதிவிடுங்கள். யாருக்கும் குழப்பம் வராது.