எல்லை தாண்டிய ‘கே.பி’: பாலசந்தர் சின்னத்திரைக்குப் போனது ஏன் முக்கியம்?

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா. அங்கே ஆந்திரா ஆரம்பம். தமிழும் தெலுங்கும் சேர்ந்து புழங்கும் இந்தப் பக்கத்தில், இரண்டு மொழிக்காரர்களும் ‘நம்ம ஆளு’ என்று சொல்லிக்கொள்ளக்கூடிய இயக்குநர் கே.பாலசந்தர்.

எங்கிருந்து வந்தார்?

1930-ல் நன்னிலத்தில் பிறந்தவர். சென்னை ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். 1964-ல் எம்.ஜி.ஆரின் ‘தெய்வத்தாய்’ படத்துக்கு வசனம். அடுத்த ஆண்டே நாகேஷை வைத்து ‘நீர்க்குமிழி’ மூலம் இயக்குநர்.

தெலுங்கில் என்ன செய்தார்?

‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) படத்தை ‘அந்துலேனி கதா’ (1976) ஆக எடுத்தார். 1978-ல் ‘மரோசரித்ரா’. தமிழ்ப் பையன், தெலுங்குப் பெண் காதல் கதை. தமிழில் டப் செய்யாமல், தெலுங்கிலேயே சென்னையில் ஒரு வருஷத்துக்கும் மேல் ஓடியது. அதுவே 1981-ல் இந்தியில் ‘ஏக் துஜே கே லியே’ ஆனது.

டிவிக்கு ஏன்?

1990-களில் குடும்பத்துப் பெண்கள் தியேட்டருக்கு வருவது குறைந்து, கதை கேட்கும் இடம் வீட்டு ஹாலுக்கு மாறியது. பாலசந்தரின் பலமோ ஆரம்பத்திலிருந்தே பெண் பாத்திரங்களும் வசனமும்தான். சண்டைக் காட்சியோ பெரிய செட்டோ இல்லாமல் நிற்கும் கதைகள் அவை. அதனால் சீரியல் அவருக்கு இறக்கம் அல்ல. இயல்பான அடுத்த படி. தூர்தர்ஷனில் ‘ரயில் சிநேகம்’, பிறகு ‘கையளவு மனசு’. ‘சிந்து பைரவி’ (1985) கதையின் தொடர்ச்சியாக ‘சஹானா’. அவரது கவிதாலயா நிறுவனம் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடரையும் தயாரித்தது.

இன்று என்ன மிச்சம்?

‘அவள் ஒரு தொடர்கதை’யின் கவிதா, தன் சம்பளத்தில் மொத்தக் குடும்பத்தையும் தாங்குகிறாள். தன் கல்யாணத்தைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மறுபடி வேலைக்கே போகிறாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் பஸ் ஏறும் பெண்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை. ஆனால் இன்றைய சீரியல்களில் மாமியார்-மருமகள் சண்டைக்குக் கிடைக்கும் நேரம், அந்தச் சம்பளக் கவருக்குக் கிடைப்பதில்லை.

2010-க்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்ற பாலசந்தர், 2014 டிசம்பர் 23 அன்று காலமானார். ரஜினியை அறிமுகம் செய்தவர் என்று மட்டும் அவரைச் சுருக்கிவிட வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்ணின் களைப்பையும் ஒரு கதையாக மதித்தவர் அவர்.