ஒரே பெயர், வேறு வேறு அதிகாரம்

அரசர் வரிசையில் ஒரே பெயர் மீளமீள வருவதைக் குலவழக்கு என்று மட்டும் கொள்ளல் போதாது. பெயர், ஆளும் உரிமையைக் கோரும் கருவியுமாகும்.

ஒல்லாந்தரை நோக்குவோம். ஒறேஞ்ச் குடும்பத்து ஐந்தாம் வில்லியம் 1795இல் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, கியூ மாளிகையிலிருந்து தம் குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்குமாறு கடிதங்கள் எழுதினார். 1796இல் கொழும்பு கைமாறிற்று. 1815 மார்ச்சில் தம்மை நெதர்லாந்தின் மன்னராக அறிவித்த அவர் மகன், ஆறாம் வில்லியமாக அன்றி முதலாம் வில்லியமாகவே எண்ணப்பட்டார். பழைய குடியரசு அழிந்து முடியரசு தோன்றியமையால், பெயர் தொடர எண் புதிதாயிற்று.

அதே 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அங்கும் பெயரின் கதையே. முதலாம் இராஜசிங்கன் சீதாவாக்கை மன்னன். இரண்டாம் இராஜசிங்கன் (1635–1687) கண்டி மன்னன். இவர்கள் தந்தையும் மகனும் அல்லர். இருவர்தம் அரசும் வேறு. 1739 முதல் ஆண்ட நாயக்கர் நால்வரும் இப்பெயரையே ஏற்றனர். 1798இல் கண்ணுசாமி என்பார் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனானார். தென்னிந்தியத் தொடர்புடைய இவ்வரசர்கள், சிங்கள நிலப்பிரபுக்களின் ஏற்பைப் பெற இப்பெயரும் பௌத்த ஆதரவும் உதவின. ஆயின் பிரபுக்களின் நலன் முரண்பட்டபோது பெயர் காக்கவில்லை. ஒப்பந்தம் மன்னனை நீக்கியதோடு, அவன் குலத்து ஆண்கள் கண்டி மாகாணங்களில் நுழைவதையும் தடுத்தது.

நாயக்கரைத் தோட்டத் தொழிலாளரின் மூதாதையராகக் காட்டும் மயக்கம் தவிர்க்கப்படல் வேண்டும், வர்க்கம் வேறு. எனினும் முரண் கூர்மையானது. மன்னனின் உறவினரைத் தடுத்த அதே ஆட்சியே, 1820கள் தொட்டுக் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் தமிழகத்து உழைப்பாளரைத் திரட்டிற்று. நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களில் ‘பேர்’ என்பது ஒருநாட் சம்பளப் பதிவு. நிர்ணயித்த கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. மன்னர்க்குப் பெயரோடு சேர்ந்த எண் உரிமையின் அடையாளம். உழைப்பாளர்க்குப் பெயரே கூலியின் அளவு.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003இலேயே சட்டம் வழி திறந்தது. ஒரே பெயரால் வந்த அரசர்களின் வரிசையை நாம் மனனம் செய்கிறோம். ‘பேர்’ போட்டோரின் வரலாற்றை எழுதும் கடமை இன்னும் முற்றுப்பெறவில்லை.