தாத்தா போட்டோவும் சிவகாசி காலண்டரும்

இன்னிக்கு முதல்ல உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டுல தொங்குற தினசரி காலண்டர்ல இருக்கிற சாமி படத்தை ஒரு லென்ஸ் வச்சு உத்துப் பாருங்க. பெரும்பாலும் அது சிவகாசியில் அச்சானதாத்தான் இருக்கும். லென்ஸுக்குக் கீழே முருகன் முகம் தெரியாது, வெறும் புள்ளிகள்தான். சையான்னு ஒரு நீலம், மெஜந்தான்னு ஒரு ரோஸ், மஞ்சள், கருப்பு. மொத்தமே நாலு மைதான்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், பட்டாசுக்கு அதைவிடப் பளபளப்பா வேணும். சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்தது இப்படித்தான். இப்போ ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியிடுற ஊர் அது.

ஆஃப்செட் பிளேட்டில் ஒரு இடத்துல மை ஒட்டும், இல்லேன்னா ஒட்டாது. 'கொஞ்சமா ஒட்டும்'ங்கிற பேச்சே கிடையாது. அப்போ வெளிர் நிறம் எப்படி வருது? புள்ளியைச் சின்னதாக்கணும். அடர்த்தி வேணும்னா பெருசாக்கணும். கம்ப்யூட்டர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. அங்கே எல்லாப் புள்ளியும், அதாவது பிக்சலும், ஒரே அளவு. மாறுவது உள்ளே இருக்கும் எண்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஆளுக்கு ஒரு எண். மத்தாப்பூ பொறி ஒண்ணு 255, 200, 60-ன்னு இருக்கலாம். உங்க செல்ஃபியும் இப்படி ஒரு நீளமான எண் பட்டியல்தான்.

எவ்வளவு நீளம்? 4000-க்கு 3000 பிக்சல் போட்டோன்னா 1.2 கோடி பிக்சல். ஒவ்வொன்றுக்கும் மூணு பைட், ஆக 36 எம்பி. ஆனா உங்க போன்ல அது மூணு, நாலு எம்பிதானே காட்டுது? அதுக்குக் காரணம் ஜேபெக். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரிச்சு, நம்ம கண்ணு கவனிக்காத விவரத்தை அது தூக்கிப் போட்டுடும். வெறும் வானம்னா நாலைஞ்சு எண்ணுல முடிச்சிடும். நரைமுடி, வேட்டிக்கரை மாதிரி நுணுக்கமான இடங்கள்லதான் இழப்பு. போனது திரும்ப வராது.

இது எங்கே வலிக்கும் தெரியுமா? தாத்தா இறந்துட்டார், நினைவு காலண்டர் அடிக்கணும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இருக்கிற கல்யாண போட்டோ ஒண்ணுதான் கையில இருக்கு. சாதாரணமா அனுப்பினா வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிடும். நீளப் பக்கம் 1600 பிக்சல்னு வச்சுக்குவோம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேணும்ங்கிறது வழக்கமான கணக்கு. 1600-ஐ 300-ஆல் வகுத்தா அஞ்சு அங்குலம் சொச்சம். அதுவும் முழுப் படத்துக்கு! தாத்தா மூணாவது வரிசையில நிக்கிறார். அவர் முகம் மட்டும் 150 பிக்சல் அகலம் இருக்கும். அதை அஞ்சு அங்குலத்துக்கு இழுத்தா அங்குலத்துக்கு முப்பதே பிக்சல்தான்.

'சார், 72-ஐ 300-ஆ மாத்திடுங்க'ன்னு டிடிபி ஆபரேட்டர்கிட்ட சொல்றவங்க உண்டு. அந்த எண்ணை மட்டும் மாத்தினா படம் மாறாது. ஏஐ ஆப்ல கொடுத்தா கூர்மையாத்தான் வரும். ஆனா இல்லாத பிக்சலை அது ஊகிச்சுத்தான் நிரப்பும். எனக்கு அதுதான் பயம். காலண்டர்ல ஒரு வருஷம் முழுக்கத் தொங்கப்போறது தாத்தாவோட கண்ணா, தாத்தா மாதிரி யாரோ ஒருத்தரோட கண்ணா?

அதனால முதல்ல குரூப்ல கேளுங்க: 'இதை எடுத்தது யார் போன்ல?' அவங்ககிட்ட ஒரிஜினல் இருந்தா, 'டாக்குமென்ட்'டா அனுப்பச் சொல்லுங்க, சுருங்காது. ஆல்பத்துல பிரிண்ட் கிடைச்சா போன்ல படம் பிடிக்காதீங்க. ஸ்கேனர்ல 600-ல வச்சு எடுங்க. நாலு அங்குல பிரிண்ட்டுக்கே 2400 பிக்சல் கிடைச்சிடும்.