உங்களுக்குத் தெரியுமா? 'விலங்கு' பெரிதா, 'சுழல்' பெரிதா?

பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறும் இரண்டு இணையத் தொடர் ரசிகர்கள் இந்தக் கேள்வியைத் தொட்டால், வண்டி தாம்பரம் தாண்டியும் வாதம் ஓயாது.

● இரண்டு தொடர்களும் 2022இல், நான்கே மாத இடைவெளியில் வந்தவை. பிப்ரவரி 18இல் ஜீ5 தளத்தில் 'விலங்கு'. ஜூன் 17இல் அமேசான் பிரைமில் 'சுழல்'.

● பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கிய 'விலங்கு' 7 பகுதிகள். உதவி ஆய்வாளராக நடிகர் விமல். வேம்பூர் காவல் நிலையத்தின் அன்றாடமே அதன் பலம்.

● புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' முதல் பருவம் 8 பகுதிகள். முதல் நான்கை பிரம்மாவும் அடுத்த நான்கை அனுசரணும் இயக்கினர். காணாமல்போன பெண்ணைத் தேடும் கதையோடு மயானக் கொள்ளைத் திருவிழாவும் பின்னியிருக்கிறது.

விசாரணையின் நுணுக்கத்துக்கு 'விலங்கு'. ஊரின் ஆழத்துக்கு 'சுழல்'. இரண்டையும் பார்த்துவிட்டு வாதாடுங்கள்!