ஒரு கூகையும் நான்கு விருப்பப் பாடங்களும்

மூளையைப் பற்றிப் பட்டப் படிப்பிலேயே படிக்க விரும்பும் மாணவர் என்னென்ன பாடங்களைப் படிக்க வேண்டும்? உயிரியல் என்பதே நம்மில் பலர் சட்டெனச் சொல்லும் விடை. தவறன்று, ஆனால் அது பாதி விடைதான். அமெரிக்காவில் அட்லாண்டா நகரிலுள்ள எமரிப் பல்கலைக்கழகத்தில் 'நரம்பறிவியலும் நடத்தை உயிரியலும்' என்ற பெயரிலேயே ஓர் இளநிலைப் பட்டப் படிப்பு இருக்கிறது. எல்லோரும் படித்தாக வேண்டிய கட்டாயப் பாடங்கள் ஒரு புறம். மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடங்கள் மறுபுறம். உயிரியல், உளவியல், மானிடவியல் எனப் பல துறைகளிலிருந்தும் இவற்றைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

கட்டாயப் பாடங்கள் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே ஒரு மாணவர் பிற்காலத்தில் எத்தகைய கேள்விகளைக் கேட்பவராக உருவாகிறார் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் விருப்பப் பாடங்களே. நம் கல்லூரிகளிலும் விருப்பப் பாடம் என்னும் ஏற்பாடு வந்துவிட்டது. எது எளிது, எதில் மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும், எந்த வகுப்பு பேருந்து நேரத்துக்குள் முடியும் என்ற கணக்கில்தான் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தத் தேர்வில் உண்மையில் அடங்கியிருப்பது என்ன என்பதை ஒரு பறவையின் கதையைக் கொண்டு பார்ப்போம்.

அந்தப் பறவை கூகை. இதய வடிவில் வெண்மையான முகம், பொன்னிறமும் சாம்பலும் கலந்த முதுகு. நம் ஊர்க் கோபுர மாடங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கி, இரவில் வயல் எலிகளைப் பிடித்துத் தின்னும் இப்பறவையைச் சிலர் சாக்குருவி என்று சொல்லி விரட்டுவதும் உண்டு. விலங்குகளின் நரம்பு மண்டலத்தையும் நடத்தையையும் இணைத்துப் படிப்போருக்கு இதைவிடச் சிறந்த ஆசான் கிடைப்பது அரிது.

இருட்டில் வேட்டை

அமெரிக்க விலங்கியலாளர் ரோஜர் பெய்ன், திமிங்கிலங்களின் பாடலால் புகழ் பெறுவதற்கு முன், கூகைகளை ஆராய்ந்தவர். துளியும் ஒளி புகாத அறையில் எலியை விட்டபோதும் கூகை பறந்து வந்து அதைக் கச்சிதமாகப் பற்றியது. மணத்தை மோந்ததா? உடல் வெப்பத்தை உணர்ந்ததா? இரண்டும் இல்லை. ஓசை மட்டுமே அதற்கு வழிகாட்டி என்று பெய்ன் நிறுவினார். பக்கவாட்டிலும் சரி, மேல்கீழாகவும் சரி, குறியில் பிழை 1 பாகைக்கும் குறைவு என 1971-ல் அவர் வெளியிட்ட கட்டுரை கூறுகிறது. ஒரு காதை அடைத்தால் மட்டும் குறி தவறியது.

இந்த நடத்தையைக் குறித்து என்னென்ன கேட்கலாம்? நெதர்லாந்தில் பிறந்த விலங்கு நடத்தையியலாளர் நிக்கோ டின்பர்கன் (1973-ல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர்) 1963-ல் எழுதிய ஒரு கட்டுரையில், எந்த நடத்தையைப் பற்றியும் நான்கு வகைக் கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். அது எவ்வாறு இயங்குகிறது? ஓர் உயிரின் வாழ்நாளில் அது எவ்வாறு உருவாகிறது? அதனால் அவ்வுயிருக்கு என்ன பயன்? பரிணாமத்தில் அது எவ்வழியே வந்தது? ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்றொன்றுக்கு விடையாகாது. நடத்தை உயிரியலின் விருப்பப் பாடங்களை ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை இந்த நான்கு கேள்விகளுள் ஏதேனும் ஒன்றன் கீழ் வந்து அமர்வதைக் காணலாம்.

முதல் கேள்வி: எவ்வாறு இயங்குகிறது?

இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் இங்குச் சற்றுக் கூடுதலாகவே தங்கப் போகிறேன்.

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. கூகையின் இரு காதுகளுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 5 செ.மீ. எலி நேர் வலப்புறம் இருந்தால், அதன் ஓசை வலக் காதை அடைந்து ஏறக்குறைய 150 மைக்ரோ நொடி கழித்தே இடக் காதை அடையும். ஒலி தலையைச் சுற்றி வளைந்து செல்வதால் இன்னும் சற்றுக் கூடலாம். 1 மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எலி நேர் முன்னே இருந்தால் கால வேறுபாடே இல்லை. ஆகவே இந்தக் கால வேறுபாட்டை அளந்தால், எலி எந்தப் பக்கம், எவ்வளவு விலகி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மனிதராகிய நாமும் இதைச் செய்கிறோம். 10 மைக்ரோ நொடி அளவு வேறுபாட்டைக்கூட நம் செவிகள் பிரித்தறியும்.

ஆனால் ஒரு நரம்புத் துடிப்பு நீடிப்பதோ சுமார் 1 மில்லி நொடி, அதாவது 1000 மைக்ரோ நொடி. மணி முள் மட்டுமே உள்ள கடிகாரத்தைக் கொண்டு நொடியை அளப்பது போன்ற வேலை இது. எப்படி முடிகிறது?

தினமும் வராவிட்டாலும், வருகிற நாளில் சரியாக ஐந்து மணிக்கு வந்து நிற்கும் பால்காரரை எண்ணிப் பாருங்கள். அவரைப் போல நூறு பேர் இருந்தால், எந்த நாளிலும் யாராவது சிலர் ஐந்து மணியைத் தவறாமல் காட்டிவிடுவார்கள். கூகையின் செவி நரம்பணுக்களும் அப்படித்தான். ஒலி அலையின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு நரம்பணு துடிப்பதில்லை. ஆனால் துடிக்கும்போது அலையின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில்தான் துடிக்கிறது. பல அணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் அலையின் நேரம் நுணுக்கமாகப் பதிவாகிவிடுகிறது.

இரு காதுகளிலிருந்தும் வரும் பதிவுகளை ஒப்பிடுவது அடுத்த வேலை. இதற்கு 1948-ல் லாய்டு ஜெஃப்ரெஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு தெருவின் இரு முனைகளிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே வேகத்தில் நடந்து வருகிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் நடுவில் சந்திப்பர். அண்ணன் முன்னதாகப் புறப்பட்டிருந்தால், சந்திக்கும் வீடு தம்பியின் முனைப்பக்கம் தள்ளிப் போகும். எந்த வீட்டு வாசலில் சந்தித்தார்கள் என்று தெரிந்தால் போதும், யார் எவ்வளவு முந்திப் புறப்பட்டார் என்று சொல்லிவிடலாம். கடிகாரமே வேண்டாம்! நரம்பிழைகளே தெரு, வரிசையாக நிற்கும் நரம்பணுக்களே வீடுகள். இரு பக்கத் துடிப்புகளும் ஒருசேர வந்தால் மட்டுமே அந்த நரம்பணு பலமாகத் துடிக்கும். மின்னணுவியல் படித்தோர் இதை 'ஆண்ட்' வாயில் என்பார்கள். நரம்பிழையில் துடிப்பு நொடிக்கு 5 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால் 1 மி.மீ. கடக்க 200 மைக்ரோ நொடி ஆகும். நமக்கு வேண்டிய கால அளவும் அதுவே அல்லவா?

காகிதத்தில் இருந்த இந்தத் தெரு, கூகையின் மூளைத் தண்டில் இருப்பதைக் கேத்தரின் கார், மசகாசு கொனிஷி ஆகியோர் 1988, 1990 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் காட்டினர். இரு காதுகளின் நரம்பிழைகளும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து அங்கு நுழைகின்றன.

உளவியலாளர் எழுதிய கருத்து, இயற்பியல் கணக்கு, நுண்ணோக்கியில் கண்ட உடற்கூறு ஆகிய மூன்றும் இங்கே ஒரே இடத்தில் கூடுகின்றன. கொனிஷியோ ஜப்பானில் கியோட்டோ நகரில் பிறந்து, பறவைகளின் நடத்தையைப் படித்து, அதன் பிறகு நரம்பணுக்களுக்குள் நுழைந்தவர். இவரும் எரிக் நுட்சனும் 1978-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இன்னும் வியப்பானது. எதிரொலி இல்லாத அறையில், கூகையின் தலையைச் சுற்றி ஒலிபெருக்கியை நகர்த்தியபோது, நடுமூளையிலுள்ள ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் ஓசைக்கு மட்டுமே துடித்தது. அடுத்தடுத்த திசைகளுக்கு அடுத்தடுத்த அணுக்கள். அதாவது ஓசையின் வரைபடம் ஒன்று அங்கே விரிந்திருந்தது. கண்ணில் இது வியப்பன்று. விழித்திரையிலேயே காட்சி படமாக விழுகிறது. காதிலோ அதிர்வெண் வரிசை மட்டுமே உண்டு, திசை வரிசை கிடையாது. இந்த வரைபடத்தை மூளை கணக்கிட்டே வரைகிறது.

உணர்வு உறுப்பு உடலியல், உயிர் இயற்பியல், குறிகை ஆய்வு போன்ற விருப்பப் பாடங்கள் இந்தக் கேள்விக்கு உரியவை. கணக்குக்கு அஞ்சி இவற்றை ஒதுக்கும் மாணவர், மேலே கண்ட தெருவின் அழகை ஒருநாளும் தாமே கண்டுபிடிக்க இயலாது.

இரண்டாம் கேள்வி: எவ்வாறு உருவாகிறது?

தலை வளரும்போது காதுகளின் இடைவெளியும் வளரும். அப்படியானால் குஞ்சின் வரைபடம் பெரிய பறவைக்குப் பயன்படாதே! நுட்சன் இளம் கூகைகளின் கண்களுக்கு முன்னே முப்பட்டகங்களைப் பொருத்தினார். காட்சி 23 பாகை பக்கவாட்டில் நகர்ந்தது. கூகையால் கண்ணை நம்மைப் போல் உருட்ட முடியாது; தலையைத்தான் திருப்ப வேண்டும். ஆகவே அது எங்கே தலையைத் திருப்புகிறது என்பதைக் கொண்டு அதன் கணிப்பை அளந்துவிடலாம். சில வாரங்களில் ஓசையின் வரைபடமும் நகர்ந்து, பிறழ்ந்த காட்சியோடு ஒத்துப் போயிற்று. கண் காதுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது எனலாம். முதிர்ந்த கூகைகளிலோ மாற்றம் மிகச் சிறிதளவே ஏற்பட்டது.

முதிர்ந்த மூளை கற்காது என்று இங்கேயே புத்தகத்தை மூடிவிடலாமா? மூடியிருந்தால் பெரும் பிழையாகியிருக்கும். 2002-ல் நுட்சனின் ஆய்வகம், காட்சியை ஒரேயடியாக நகர்த்தாமல் சிறு சிறு படிகளாக நகர்த்தியபோது முதிர்ந்த கூகைகளும் கற்பதைக் கண்டது. 2005-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. முதிர்ந்த கூகைகளுள் ஒரு குழுவுக்குச் செத்த எலிகளை உணவாகக் கொடுத்தனர். மற்றொரு குழு உயிருள்ள எலிகளைத் தானே வேட்டையாடியது. வேட்டையாடிய கூகைகளின் வரைபடம் மற்றவற்றினுடையதைக் காட்டிலும் பல மடங்கு நகர்ந்திருந்தது.

என் கருத்தில் இந்தக் கதையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. மின்முனையைச் செருகத் தெரிந்தவருக்கு, செத்த எலியும் உயிருள்ள எலியும் உணவு என்ற வகையில் ஒன்றே. கூகை என்பது வேட்டையாடும் பறவை என்பதை நடத்தையியல் பாடத்தில் படித்தவருக்கே இந்த இரண்டாம் குழுவை அமைக்கத் தோன்றும்.

மற்ற இரண்டு கேள்விகள்

பயன் என்ன என்ற மூன்றாம் கேள்விக்கு நடத்தைச் சூழலியல் விடை தேடுகிறது. காய்ந்த சருகில் எலி ஓடும் சலசலப்பில் உயர் அதிர்வெண்கள் மிகுதி. கூகை 3000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கொண்டே திசை அறிகிறது. அதன் இறகு விளிம்புகள் சீப்புப் பல் போலவும் மென்மையாகவும் அமைந்து, தன் சிறகோசை தன் காதையே மறைத்துவிடாமல் காக்கின்றன.

நான்காவது பரிணாமம். கூகையின் இடக் காதுத் துளை வலக் காதைவிட உயரத்தில், கீழ்நோக்கி அமைந்துள்ளது; வலக் காது மேல்நோக்கியது. ஆகவே கீழிருந்து வரும் ஓசை இடக் காதில் உரக்கக் கேட்கும். மேல்கீழ்த் திசையை அறியும் வழி இதுவே. இத்தகைய சமமற்ற காதுகள் ஆந்தை இனங்களில் பல முறை தனித்தனியாகத் தோன்றியுள்ளன. அப்படியானால் ஜெஃப்ரெஸின் தெரு நம் தலையிலும் இருக்குமா? பாடநூல்கள் பல காலம் அப்படித்தான் எழுதின. 2001-ல் கினிப்பன்றியிலும், 2002-ல் ஜெர்பில் என்னும் பாலைநில எலியிலும் செய்த ஆய்வுகள் வேறு விதமாகக் கூறின. அங்கே தனித்தனி வீடுகளின் வரிசை தெரியவில்லை. மூளையின் இட, வலப் பக்கங்களில் துடிப்பின் அளவு எவ்வாறு வேறுபடுகிறது என்பதே திசையைக் காட்டுவதாகத் தோன்றியது. பாலூட்டிகளைப் பற்றிய இந்த வாதம் முழுதும் அடங்கிவிடவில்லை. ஒப்பு உடற்கூறு படிக்காதவர், கூகையில் கண்டதை மனிதனுக்கும் அப்படியே எழுதிவிடுவார்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

நான்கு இடங்கள் இருந்து நான்கையும் ஒரே கேள்விக்குச் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூலக்கூறு, செல், மருந்து என்றே மூன்று ஆண்டும் படித்து, ஒரு விலங்கைக்கூட அதன் இயல்பான இடத்தில் ஒரு மணி நேரம் கவனிக்காமல் பட்டம் பெறுவது எங்கும் நடக்கக்கூடியதே. இரண்டு பாடங்களை விருப்பமான கேள்வியிலும், ஒன்றை அதற்கு நேர் எதிரான கேள்வியிலும், மற்றொன்றைக் களத்திலோ ஆய்வகத்திலோ கையால் செய்வதாகவும் எடுப்பது நலம். புள்ளியியல் கட்டாயமாக இல்லாவிடில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்துக் கூகைகளைக் கொண்டு எவ்வளவு சொல்லலாம், எவ்வளவு சொல்லக் கூடாது என்று கற்பிப்பது அதுதான்.

ஒரு நடைமுறைச் செய்தி. குறிகை ஆய்வுக்கு நுண்கணிதமும், உயிர் இயற்பியலுக்கு மின்னியலும் முன்னதாகப் படித்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஆர்வம் பிறந்து விண்ணப்பித்தால் இடம் கிடைக்காது. முதலாண்டிலேயே பாடப் பட்டியலைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்து, எதற்கு எது முன்தேவை என்று பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.