கொம்பு சொல்லாததைப் பல் சொல்லும்

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் பற்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "மானுக்கு என்ன வயசுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று ஒரு மாணவன் கேட்டான். "கொம்பில் எத்தனை கிளையோ அத்தனை வயது" என்று உடனே சொல்லிவிட்டேன். நான் படித்த காலத்தில் யாரோ சொல்லக் கேட்டதுதான். அதுவரை நான் அதைச் சரிபார்த்ததில்லை.

ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "எங்க அப்பா ஆட்டுக்குப் பல்லைப் பார்த்துத்தான் சார் வயசு சொல்லுவாரு. பொட்டை மானுக்குக் கொம்பே இல்லையே, அதுக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

என்னிடம் பதில் இல்லை. "நாளை சொல்கிறேன்" என்றேன். அன்று இரவு தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன்.

கொம்பு வயதைச் சொல்லாது. மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி வளர்வது. அதன் அளவும் கிளைகளும் வயதை மட்டுமல்ல, தீனியையும் பரம்பரையையும் பொறுத்தவை.

மானின் வயதை முறையாகக் கணிக்கும் பழக்கம் வட அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே வெள்ளைவால் மானை உரிமம் பெற்றுக் குறிப்பிட்ட பருவத்தில் வேட்டையாடலாம். வேட்டையில் கிடைத்த மான்களின் கீழ்த்தாடையை வனவிலங்குத் துறையினர் பார்த்து வயதைக் குறிக்கிறார்கள். குட்டிகள் எத்தனை, இளையவை எத்தனை, முதிர்ந்தவை எத்தனை என்று தெரிந்தால்தான் கூட்டம் பெருகுகிறதா, குறைகிறதா என்று கணிக்கலாம்; அடுத்த பருவத்தில் எத்தனை மான்களை வேட்டையாட விடலாம் என்றும் முடிவு செய்யலாம். வயதைத் தவறாகக் கணித்தால் அந்த முடிவும் தவறும்.

இதற்கான வழிமுறையை 1949இல் நியூயார்க் மாநில ஆய்வாளர் சி. டபிள்யூ. செவரிங்ஹாஸ் வெளியிட்டார். வளர்ந்த மானின் கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் ஆறு கடைவாய்ப் பற்கள் இருக்கும்: முன் கடைவாய்ப் பற்கள் மூன்று, பின் கடைவாய்ப் பற்கள் மூன்று. ஆறு பற்களும் முளைக்கவில்லை என்றால் அது குட்டி. ஆறும் இருந்தால் முன்னிருந்து மூன்றாவது பல்லைப் பார்க்க வேண்டும். அது மூன்று முகடுகளோடு தேய்ந்திருந்தால் இன்னும் பால்பல். மானுக்கு ஏறத்தாழ ஒன்றரை வயது. இரண்டு முகடுகள் கொண்ட நிலைப்பல் வந்து நிலைத்துவிட்டால் இரண்டரை வயதோ அதற்கு மேலோ இருக்கும். குட்டிகள் பெரும்பாலும் மே, ஜூனில் பிறக்கின்றன, வேட்டை நடப்பதோ நவம்பரையொட்டி. அதனால்தான் இந்த அரை வயதுக் கணக்கு.

இதற்குப் பிறகு தேய்மானம்தான் துணை. வெண்மையான எனாமல் தேயத் தேய, உள்ளிருக்கும் பழுப்பு நிற டென்டைன் அகலமாகத் தெரியும். ஆனால் மணற்பாங்கான நிலத்தில் மேயும் மானின் பல் சீக்கிரம் தேயும். ஆகவே வயது கூடக் கூட இந்தக் கணிப்பில் பிழையும் கூடும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் முன்பல்லின் வேரை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் சிமென்டம் படிவின் வளையங்களை எண்ணுகிறார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவதைப் போன்றது இது.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு" என்று தொடங்கினேன். முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் அன்று பிள்ளைகள் கேட்ட அளவுக்குக் கேள்விகளை அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவியின் தந்தையை அழைத்தோம். இரண்டு ஆடுகளோடு வந்தார். ஒன்றின் வாயைத் திறந்து கீழ்வரிசை முன்பற்களைக் காட்டினார். நடுவில் இரண்டு மட்டும் பெரிய பற்கள். "ரெண்டு பல்லு. ஒரு வயசு தாண்டியாச்சு." இரண்டிரண்டாக நான்கு, ஆறு, எட்டு என்று பல் போடும் கணக்கைப் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். மற்ற ஆட்டுக்கு எட்டுப் பல்லும் சேர்ந்து தேய்ந்திருந்தது. "இதுக்கு உத்தேசமாத்தான் சார் சொல்ல முடியும்" என்றார். பல் முளைப்பதை வைத்து உறுதியாகச் சொல்லலாம், தேய்வதை வைத்து உத்தேசமாகத்தான் சொல்லலாம் என்று நான் முந்தைய வாரம் படித்ததும் அதுதான்.

உங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பார்க்கலாம். தொடக்க வகுப்புகளில் யாருக்கு எந்த வயதில் எத்தனை பால்பற்கள் விழுந்தன என்று அட்டவணை போடலாம். உயர் வகுப்புகளில் "பார்த்தது, முடிவு செய்தது, எவ்வளவு உறுதி" என்று மூன்று பத்திகள் வரைந்து நிரப்பச் சொல்லலாம். ஆட்டின் வாயை வளர்ப்பவரே திறந்து காட்டட்டும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதையும் சொல்லுங்கள். காட்டில் கிடக்கும் கொம்பையோ எலும்பையோ எடுத்து வரும்படி பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. நான் எதைச் சொன்னாலும், "எப்படி சார் தெரியும்?" என்று கேட்கிறாள். பதில் தெரியாத நாள்களில் இன்றும் "நாளை சொல்கிறேன்" என்றுதான் சொல்கிறேன்.